ஒரு கிரவுண்ட், கால் கிரவுண்ட், நடுவில் ஒரு வர்க்கமூலம்

சென்னையில் மனை விலை பேசுகிறவர்கள் வாயில் வரும் அளவு கிரவுண்ட். ஒரு கிரவுண்ட் 2400 சதுர அடி. தெருவை ஒட்டிச் சரியான சதுரமாக ஒரு கிரவுண்ட் மனை இருக்கிறது, அதன் பக்கத்திலேயே இன்னொரு சதுரமாகக் கால் கிரவுண்ட், அதாவது 600 சதுர அடி மனை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் சேர்த்துத் தெருப்பக்கம் காம்பவுண்டு சுவர் கட்ட வேண்டும். சுவரின் நீளம் எத்தனை அடி?

2400-ஐயும் 600-ஐயும் கூட்டினால் 3000. அதன் வர்க்கமூலம் 54.77. ஆகவே 55 அடி இருந்தால் போதும் என்று சொல்லத்தான் கை ஓடும். உண்மையில் வேண்டியது 73.48 அடி. பதினெட்டு அடிக்கு மேல் சுவர் காணாமல் போகிறது.

எங்கே போனது என்று பார்ப்பதிலிருந்து முறுடுகளை, அதாவது √2, √6 போல முழு எண்ணாகவோ பின்னமாகவோ தீராத மூலங்களை, தொடங்குவது நல்லது என்பது என் எண்ணம். பாடப்புத்தகம் வரையறையில் தொடங்கும், அதில் தவறில்லை. ஆனால் ரூட் குறி எதோடு ஒத்துப்போகும், எதோடு ஒத்துப்போகாது என்பது மனதில் நின்றுவிட்டால், சுருக்குவது, கூட்டுவது, பெருக்குவது, பகுதியை விகிதப்படுத்துவது (பின்னத்தின் கீழே ரூட் இல்லாமல் ஆக்குவது) எல்லாம் அதிலிருந்தே வந்துவிடும். பெருக்கலோடு அது ஒத்துப்போகும். கூட்டலோடு ஒத்துப்போகாது.

அ, ஆ இரண்டும் குறை எண்கள் இல்லை என்றால் √(அ × ஆ) = √அ × √ஆ. ஏன் என்று கேட்டால் வலப்பக்கத்தை வர்க்கப்படுத்திப் பாருங்கள். √அ × √ஆ × √அ × √ஆ. இரண்டு √அ சேர்ந்து அ, இரண்டு √ஆ சேர்ந்து ஆ, மொத்தம் அ × ஆ. சரியாக வருகிறது. இப்போது √அ + √ஆ என்பதை வர்க்கப்படுத்துங்கள். அ + ஆ + 2√(அ × ஆ) வருகிறது. கடைசி உறுப்பு கூடுதல். அ, ஆ இரண்டில் ஒன்றாவது பூச்சியமாக இருந்தால் மட்டுமே அது மறையும். மற்ற எல்லா நேரத்திலும் √(அ + ஆ) என்பது √அ + √ஆ-வைவிடச் சிறியதுதான்.

நம் மனையில் அந்தக் கூடுதல் உறுப்பைக் கண்ணாலேயே பார்க்கலாம். தெருமுகப்பு முழுவதையும் ஒரு பக்கமாக வைத்து ஒரு பெரிய சதுரம் வரையுங்கள். அதன் ஒரு மூலையில் ஒரு கிரவுண்ட், எதிர்மூலையில் கால் கிரவுண்ட். மிச்சம் இரண்டு மூலைகளில் இரண்டு செவ்வகங்கள். ஒவ்வொன்றின் பரப்பும் √2400 × √600 = √1440000 = 1200 சதுர அடி, சரியாக அரை கிரவுண்ட். இரண்டும் சேர்ந்து ஒரு முழு கிரவுண்ட். பெரிய சதுரத்தின் பரப்பு 5400 சதுர அடி. 3000-க்கு ரூட் எடுத்தவர் அந்த இரண்டு அரை கிரவுண்டையும் விட்டுவிட்டார்.

சரியான விடையை எப்படிப் பெறுவது? 2400 = 400 × 6, 400 ஒரு முழு வர்க்கம். எனவே √2400 = 20√6. அதேபோல 600 = 100 × 6, √600 = 10√6. இரண்டையும் கூட்டினால் 30√6. √6 என்பது 2.4495, ஆகவே 73.48 அடி. முறுடுகளைச் சுருக்கிச் சேர்ப்பது என்றால் இதுதான். பெருக்கல் விதியை வைத்து உள்ளே இருக்கும் முழு வர்க்கத்தை வெளியே எடுப்பது. உள்ளே மிஞ்சியது ஒன்றாக இருந்தால் வெளியே ரூட்டைப் பெருக்கி நிற்கும் எண்களை, அதாவது கெழுக்களை, கூட்டுவது.

இதே மனையின் பக்கத்தில் கால் கிரவுண்டுக்குப் பதில் சதுரமாக அரை கிரவுண்ட் இருந்தால்? √1200 = √(400 × 3) = 20√3. அப்போது முகப்பு 20√6 + 20√3. இதற்கு மேல் ஒரே உறுப்பாகச் சேர்க்க வழியில்லை. 20 பொதுவாக இருப்பதால் 20(√6 + √3) என்று எழுதலாம், அவ்வளவுதான். 40√9 என்று எழுதி 120 அடி என்று முடிப்பவர்கள் உண்டு. உண்மை விடை 83.63 அடி.

இனி முதல் படியை, அதாவது முழு வர்க்கத்தை வெளியே எடுப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். தவறு அதிகம் ஒளிந்திருக்கும் இடம் அது.

வழி இரண்டு. பகாக் காரணிப்படுத்தி இரண்டிரண்டாகச் சோடி சேர்ப்பது ஒன்று. 2400 = 2 × 2 × 2 × 2 × 2 × 3 × 5 × 5. 2-இல் இரண்டு சோடி, 5-இல் ஒரு சோடி. ஒவ்வொரு சோடிக்கும் ஓர் எண் வெளியே வரும்: 2 × 2 × 5 = 20. சோடி கிடைக்காத 2-உம் 3-உம் உள்ளேயே பெருகி 6 ஆகும். இன்னொரு வழி, 4, 9, 16, 25, 36, 49, 64, 81, 100, 121, 144 என்ற வரிசையில் எது வகுக்கிறது என்று பார்த்து நேராக எடுப்பது. பழகிய கைக்கு இது வேகமானது. ஆனால் மிகப் பெரிய வர்க்கம் கண்ணில் படாவிட்டால் பாதியில் நின்றுவிடும் ஆபத்து இதில்தான்.

√72-ஐப் பாருங்கள். 9 வகுக்கிறது, 3√8 என்று எழுதிவிட்டு நிறுத்துகிறார்கள். 8-க்குள் இன்னும் 4 இருக்கிறது. 3√8 = 3 × 2√2 = 6√2. பாதியில் நிறுத்தினால் மதிப்பு தவறாகாது. 3√8-உம் 6√2-உம் ஒரே எண்தான். ஆனால் கணக்கில் பக்கத்திலேயே 5√2 இருந்தால், அதோடு சேரும் உறுப்பு இது என்பது தெரியாமலே போய்விடும்.

இரண்டு தவணையாக வெளியே எடுக்கும்போது வெளியே உள்ள எண்களைப் பெருக்க வேண்டும். கூட்டுகிறவர்கள் நிறைய. இந்தத் தவறு ஏன் நெடுநாள் பிடிபடாமல் இருக்கிறது தெரியுமா? √48-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2√12, பிறகு உள்ளே இருந்து இன்னொரு 2. பெருக்கினாலும் 4, கூட்டினாலும் 4. விடை 4√3 என்று சரியாகவே வந்துவிடும், ஆசிரியரும் சரி போட்டுவிடுவார். √72 வரும்போதுதான் 3 + 2 = 5 என்று 5√2 வந்து நிற்கும். அதனால் பயிற்சிக்கு √48-ஐ மட்டும் கொடுக்காதீர்கள். √72, √162, √450 போன்றவையும் வேண்டும். √162 = 9√2, √450 = 15√2. முன்பே வெளியே நிற்கும் எண்ணுக்கும் இதே விதிதான்: 2√18 = 2 × 3√2 = 6√2. 9-ஐ வெளியே எடுக்கும்போது 3 ஆகத்தான் வரும் என்பதையும் அவசரத்தில் மறந்து √18-ஐ 9√2 என்று எழுதுவார்கள்.

பெரிய எண்ணாக இருந்தால் எதுவரை வகுத்துப் பார்ப்பது? இதற்கு ஓர் எல்லை உண்டு, அதைப் பலர் சொல்லித் தருவதில்லை. எண்ணின் கனமூலம் வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். அதற்குப் பின் மிஞ்சுவது முழு வர்க்கமா என்று ஒரே ஒரு முறை சோதிக்க வேண்டும். காரணம் எளிது: கனமூலத்தைவிடப் பெரிய பகாக் காரணி மூன்று சேர்ந்தால் எண்ணையே தாண்டிவிடும், ஆகவே மிஞ்சுவதில் அதிகபட்சம் இரண்டு பகாக் காரணிகள்தான் இருக்க முடியும். அவை இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் சோடி.

√2023-ஐப் பாருங்கள். கனமூலம் 12.6 அளவில். ஆகவே 2, 3, 5, 7, 11 மட்டும். 7 வகுக்கிறது, ஈவு 289. அதை மற்றவை எதுவும் வகுக்கவில்லை. 289 முழு வர்க்கமா? ஆமாம், 17 × 17. எனவே √2023 = 17√7. 7-இல் தொடங்கி 17 வரைக்கும் ஒவ்வொன்றாகப் போராட வேண்டியதில்லை. √1573-உம் பார்ப்பதற்கு உடையாத எண்போலத்தான் இருக்கும்; 1 − 5 + 7 − 3 = 0 என்பதால் 11 வகுக்கும், 143 வரும், அதிலும் 11 இருக்கிறது. 11√13.

கூட்டல் கழித்தலுக்கு வருவோம். உள்ளே ஒரே எண் இருக்கும் உறுப்புகளை ஒத்த முறுடுகள் என்கிறோம். 5√3 + 2√3 = 7√3 என்பது 5 மாங்காயும் 2 மாங்காயும் 7 மாங்காய் என்பதைப் போலவே. ஆனால் ஒத்தவையா இல்லையா என்பதைச் சுருக்கிய பிறகுதான் முடிவு செய்ய வேண்டும். √75 + √27 − √12 மேலோட்டமாகப் பார்த்தால் மூன்று வேறு முறுடுகள். சுருக்கினால் 5√3 + 3√3 − 2√3 = 6√3.

கொஞ்சம் நீளமான ஒன்று: 3√20 − 2√45 + √80 − √18.

3√20 = 3 × 2√5 = 6√5.
2√45 = 2 × 3√5 = 6√5.
√80 = 4√5.
√18 = 3√2.

ஆக 6√5 − 6√5 + 4√5 − 3√2 = 4√5 − 3√2. அங்கேயே நிறுத்த வேண்டும். இரண்டு உறுப்பாக நிற்கும் விடையைப் பார்த்தால் ஏதோ மிச்சமிருப்பதாகத் தோன்றும். அந்த நெருக்கடியில் 1√3 என்று எழுதிவிடுவார்கள். சரிபார்ப்பதற்குத் தசமம் போதும்: கேள்வியிலிருந்து 13.416 − 13.416 + 8.944 − 4.243 = 4.70 வருகிறது, √3-ஓ 1.73. இந்தச் சோதனைக்கு அரை நிமிடம்கூட ஆகாது. √2 = 1.414, √3 = 1.732, √5 = 2.236, √6 = 2.449, √7 = 2.646, √10 = 3.162 என்ற ஆறும் மனப்பாடமாக இருந்தால் வீட்டுப்பாடக் கணக்கு எதையும் இப்படிச் சோதித்துவிடலாம்.

√2-உம் √3-உம் எந்தக் காலத்திலும் ஒரே உறுப்பாகச் சேராது என்று எப்படி உறுதியாகச் சொல்கிறோம்? √3 என்பது √2-இன் ஏதோ ஒரு பின்ன மடங்கு என்றால், √3 ÷ √2 ஒரு விகிதமுறு எண்ணாக இருக்க வேண்டும். ஆனால் √3 ÷ √2 = √6 ÷ 2. √6 விகிதமுறா எண். ஆகவே முடியாது. முழுதாகச் சுருக்கிய பின் உள்ளே வேறு வேறு எண் இருக்கும் எந்த இரண்டு வர்க்கமூலத்துக்கும் இதே வாதம் செல்லும்.

எழுத்து முறை பற்றியும் ஒரு வார்த்தை. √ என்ற குறியை 1525-இல் கிறிஸ்டாஃப் ருடால்ஃப் என்ற ஜெர்மன் கணிதர் அச்சில் பயன்படுத்தினார். அதன் தலைமேல் நீளும் கோடு 1637-இல் பிரெஞ்சுக் கணிதர் தெக்கார்த் எழுதியதிலிருந்து வருகிறது. அந்தக் கோடு அலங்காரத்துக்கு இல்லை, அடைப்புக்குறியின் வேலையைச் செய்கிறது. கோடு எதுவரை நீள்கிறதோ அதுவரைதான் ரூட்டுக்குள். நோட்டில் வேகமாக எழுதும்போது கோடு ஒரு எண் தள்ளிப் போனால் √2 × 3 என்பது √(2 × 3) ஆகிவிடும், 4.24 என்பது 2.45 ஆகிவிடும். கெழுவை முன்னால் எழுதும் வழக்கம் இதற்காகத்தான்: 3√2, √2 3 அல்ல. அந்த 3-ஐயும் வரியின் முழு உயரத்துக்கு எழுதுங்கள். குறியின் மடியில் சின்னதாக உட்கார்ந்தால் அது 2-இன் கனமூலம். போனில் தட்டச்சு செய்பவர்கள் அடைப்புக்குறி போடாமல் அனுப்பவே வேண்டாம்.

பெருக்கல் இந்தப் பாடத்தில் இனிமையான பகுதி, ஒரே ஒரு அறிவுரை போதும்: பெருக்கிவிட்டு உடைக்காதீர்கள், உடைத்தே பெருக்குங்கள். √42 × √63-ஐ √2646 என்று ஆக்கினால் மறுபடி அதை உடைக்க வேண்டும். 42 = 2 × 3 × 7, 63 = 3 × 3 × 7 என்று வைத்தால் ஒரு சோடி 7, ஒரு சோடி 3, மிச்சம் 2 × 3. விடை 21√6, பெரிய எண்ணைத் தொடவே இல்லை. இரண்டு உறுப்புக் கோவைகளுக்கு எல்லாவற்றையும் எல்லாவற்றாலும் பெருக்க வேண்டும்:

(2√3 + √5)(√3 − 2√5) = 6 − 4√15 + √15 − 10 = −4 − 3√15.

வர்க்கப்படுத்தும்போது இரண்டு இடத்தில் தடுக்குவார்கள். (2√3)² என்பது 4 × 3 = 12; வெளியே உள்ள 2-ஐ வர்க்கப்படுத்த மறந்து 6 என்பார்கள். (√5 + √2)² என்பது 7 + 2√10. நடு உறுப்பை விட்டு 7 என்பார்கள். அந்த நடு உறுப்புதான் நம் மனையில் காணாமல் போன இரண்டு அரை கிரவுண்ட்.

பகுதியில் ரூட் இருக்கக்கூடாது என்று ஏன் சொல்கிறார்கள்? அது ஒரு சடங்கு என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு கொடுத்துப் பாருங்கள். 1-ஐ 1.41421-ஆல் நீள் வகுத்தல் செய்யச் சொல்லுங்கள். பிறகு 1.41421-ஐ 2-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே எண், 0.70711. கையால் கணக்குப் போட்ட காலத்தில் இந்த வித்தியாசம் ரொம்பப் பெரியது. பொறியியல் படிக்கப் போனால் 1/√2 என்றே விட்டுவைப்பார்கள், அதிலும் குற்றமில்லை. ஆனால் பத்தாம் வகுப்புத் தேர்வுக் கூடத்தில் கால்குலேட்டர் கிடையாது; அங்கே இது இன்றும் பயன்படுகிறது.

ஓர் உதாரணம். ஓர் அடுக்குமாடியை நோக்கி 50 மீட்டர் நடந்தால் உச்சியின் ஏற்றக்கோணம் 30 பாகையிலிருந்து 45 பாகை ஆகிறது. உயரம் 50/(√3 − 1) என்று வரும். மேலும் கீழும் √3 + 1-ஆல் பெருக்கினால் பகுதி 3 − 1 = 2, ஆகவே 25(√3 + 1). √3 = 1.732 என்று கேள்வித்தாளில் கொடுத்திருந்தால் 25 × 2.732 = 68.3 மீட்டர், ஒரே பெருக்கல். விகிதப்படுத்தாமல் போனால் 50-ஐ 0.732-ஆல் வகுக்க வேண்டும். வேலை கூடுதல் மட்டுமில்லை, துல்லியமும் போகும். √3-ஐ 1.73 என்று முழுமைப்படுத்தி எடுத்தவருக்கு முதல் வழியில் 68.25 வரும், இரண்டாம் வழியில் 68.49 வரும். சரியான மதிப்பு 68.30. ஒரே முழுமைப்படுத்தல், ஆனால் பிழை ஒன்றில் 5 சென்டிமீட்டர், மற்றதில் 19 சென்டிமீட்டர். அருகருகே இருக்கும் இரண்டு எண்களைக் கழித்துச் சிறிய எண் ஒன்றை உண்டாக்கி, அதால் வகுத்தால் பிழை இப்படித்தான் பெருகும்.

இதே காரணத்தால் சில இடங்களில் தலைகீழாகச் செய்வது நல்லது. √101 − 10 எவ்வளவு? √101 = 10.05 என்று எடுத்தால் விடை 0.05, ஒரே ஒரு இலக்கம்தான் கையில் மிஞ்சுகிறது. 1/(√101 + 10) என்று மாற்றி, அதே 10.05-ஐப் போட்டால் 1/20.05 = 0.049875. உண்மை மதிப்பு 0.0498756. தொகுதியில் இருந்த கழித்தலைப் பகுதிக்குக் கூட்டலாக அனுப்பியதால் கிடைத்த லாபம் இது.

விகிதப்படுத்தும்போது குறியை மாற்றிய இணைக் கோவையால் பெருக்க வேண்டும். 1/(√5 − √2)-ஐ √5 + √2-ஆல் பெருக்கினால் பகுதி 5 − 2 = 3. குறியை மாற்றாமல் √5 − √2-ஆலேயே பெருக்கினால் 7 − 2√10. ரூட் அப்படியே நிற்கிறது. பகுதியை மட்டும் பெருக்கிவிட்டுத் தொகுதியை மறப்பது இன்னொன்று. தொடங்குவதற்கு முன் சுருக்குவது எப்போதும் நல்லது: 12/√48 என்பதை 12/(4√3) = 3/√3 = √3 என்று முடித்துவிடலாம்.

பகுதியில் மூன்று உறுப்பு வந்தால் இரண்டு தடவை செய்ய வேண்டும். எந்த இரண்டைச் சேர்த்துப் பிடிப்பது என்பதில் கொஞ்சம் யோசனை வேண்டும். 1/(1 + √2 + √3)-இல் (1 + √2)-ஐ ஒன்றாகவும் √3-ஐத் தனியாகவும் பிடித்தால், (1 + √2)² − 3 = 3 + 2√2 − 3 = 2√2. 3-உம் 3-உம் கழிந்து ஒரே உறுப்பு மிஞ்சியது, 1 + 2 = 3 என்பதால். ஆகவே (1 + √2 − √3)/(2√2), இன்னொரு √2-ஆல் பெருக்கினால் (2 + √2 − √6)/4. வேறு சோடியைப் பிடித்தாலும் விடை இதேதான், வழி மட்டும் நீளும்.

எழுத்துகள் வந்துவிட்டால் கவனம் இன்னும் கூட வேண்டும். √(அ²) = அ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவார்கள். அ = −5 என்றால் √25 = 5, −5 இல்லை. √ குறி எப்போதும் குறை இல்லாத மூலத்தைத்தான் தரும்; ஆகவே √(அ²) = |அ|, அதாவது குறியை விட்டுவிட்டு எடுத்த அ-வின் அளவு. அ² = 25 என்ற சமன்பாட்டுக்கு ±5 என்று இரண்டு தீர்வு இருப்பது வேறு விஷயம்; அந்த ± குறியை நாம்தான் போடுகிறோம், ரூட் போடுவதில்லை. √(18அ³) = 3அ√(2அ) என்று தைரியமாக எழுதலாம், ஏனென்றால் அ குறை எண்ணாக இருந்தால் உள்ளே குறை எண் வந்து கேள்வியே பொருளிழக்கும். √(அ² + 9) = அ + 3 என்பது மறுபடியும் மனைத் தவறு: அ = 4 என்றால் இடப்பக்கம் 5, வலப்பக்கம் 7. √(அ² + 6அ + 9) என்றால்தான் |அ + 3|, நடு உறுப்பு அங்கே இருக்கிறது. மேல்வகுப்பில் கலப்பெண் (குறை எண்ணுக்கும் வர்க்கமூலம் உண்டு என்று கொள்ளும் எண் வகை) படிப்பவர்களுக்கு: √(−2) × √(−8) = √16 = 4 என்று எழுதாதீர்கள். பெருக்கல் விதிக்குப் போட்ட நிபந்தனையே குறை எண் கூடாது என்பதுதான். சரியான விடை −4.

கனமூலத்துக்கு சோடிக்குப் பதில் மூன்று மூன்றாகச் சேர்க்க வேண்டும், மற்றதெல்லாம் அதேதான். 54-இன் கனமூலம் 2-இன் கனமூலத்தைப் போல 3 மடங்கு, 16-இன் கனமூலம் 2 மடங்கு, கூட்டினால் 5 மடங்கு.

ரூட்டுக்குள் ரூட் இருந்தால்? கூட்டலுக்குள் ரூட் புகாது என்று இவ்வளவு நேரம் சொன்னோம். ஆனால் (√3 + √2)² = 5 + 2√6 என்பதால் √(5 + 2√6) மட்டும் அழகாகத் திறந்து √3 + √2 ஆகிறது. நடு உறுப்பு ஏற்கெனவே உள்ளே இருப்பதால்தான் இது நடக்கிறது. உள்ளே இருப்பதை முதலில் '2√' என்ற வடிவத்துக்குக் கொண்டுவந்து, கூட்டினால் முதல் எண்ணும் பெருக்கினால் ரூட்டுக்குள் உள்ள எண்ணும் வருகிற இரண்டு எண்களைத் தேட வேண்டும். √(7 + 4√3)-இல் 4√3 = 2√12. கூட்டினால் 7, பெருக்கினால் 12: 4-உம் 3-உம். விடை 2 + √3. √(8 − 2√15)-க்கு 5-உம் 3-உம். பெரியதை முன்னால் வைத்து √5 − √3 என்று எழுதுங்கள், மாற்றி எழுதினால் குறை எண் வந்துவிடும். √(5 + 2√5)-க்குக் கூட்டினால் 5, பெருக்கினாலும் 5 வரும் விகிதமுறு எண்கள் இரண்டு கிடையாது. அது அப்படியே மூடிய நிலையில்தான் இருக்கும்.

இந்த வகையில் உச்சமான ஒன்று நம் ஊர்ப்பக்கத்துக் கணக்கு. 1911-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் சீனிவாச ராமானுஜன் வாசகர்களுக்கு ஒரு கேள்வி விடுத்தார். மதராஸ் துறைமுகத்தில் எழுத்தர் வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய ஆண்டு அது. முடிவே இல்லாமல் உள்ளே உள்ளே போகும் ரூட்:

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + ...))))

இதன் மதிப்பு என்ன? எங்காவது ஓரிடத்தில் வெட்டி, அங்கே வரும் கடைசி ரூட்டை 1 என்று வைத்துப் பார்த்தால், √(1 + 2√(1 + 3)) = 2.236. இன்னொரு படி உள்ளே போனால் 2.560. அடுத்த படி 2.755. மெல்ல ஏறுகிறது. விடைக்கு வேண்டியது எட்டாம் வகுப்பு முற்றொருமை ஒன்றுதான்: ஓர் எண்ணின் வர்க்கம், அதற்கு முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் பெருக்கி 1 கூட்டினால் வரும். 3² = 1 + 2 × 4. ஆகவே 3 = √(1 + 2 × 4). அந்த 4-ஐ √(1 + 3 × 5) என்று எழுதுங்கள். அந்த 5-ஐ √(1 + 4 × 6) என்று எழுதுங்கள். 6-ஐ √(1 + 5 × 7). நிறுத்தாமல் போய்க்கொண்டே இருந்தால் ராமானுஜனின் கோவை அப்படியே விரிகிறது. வெட்டும் இடத்தை உள்ளே தள்ளத் தள்ள மீதிப் பிழை பூச்சியத்தை நெருங்குகிறது என்பதைத் தனியாக நிறுவ வேண்டும். நிறுவிவிட்டால் விடை 3.